துறைமுகத்தில் அம்மா சொல்லாத பெயர்

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். தாயில்லாமல் வந்தவை, தாயில்லாத பிள்ளை என்று ஒருவரும் சொல்ல விடாமல் வளர்த்தேன். ஏழு பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும், அடையாள அட்டை எடுக்கப் போனபோதும் கூடவே போய் உட்கார்ந்திருந்தவள் நான். என் காகிதத்தைத் தேடிக்கொண்டு நான் போனது மட்டும் இந்த வயதில்தான்.

எனக்குப் படிப்பு கிடையாது. பேருந்து நம்பர் படிப்பேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்தைத் தமிழில் போடுவேன். அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி கணினியில் ஏற்றுகிறாள். எனக்கு வேகமாகச் சொல்ல வராது. அவள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மகளோடு உட்லண்ட்ஸில் இருக்கிறேன். உயரமான மாடி. சமையலறை ஜன்னலில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் தெரியும். விடியும் முன்பே காஸ்வே பாலத்தில் மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையாக வரும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாரும் அங்கே போய் வருகிறவர்கள்தான். மீன் வாங்கப் போவார்கள், முடி வெட்டப் போவார்கள், சும்மா சாப்பிடவும் போவார்கள். “ஆண்ட்டி, நீங்க வரலையா?” என்று கேட்டால், “அங்க வெயில் ஜாஸ்தி” என்பேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு வெயிலா அடிக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

உண்மை வேறு. என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. இன்றைக்கு வரை இருந்ததும் இல்லை. என் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான நீல அட்டை. சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தேன். இங்கேதான் வளர்ந்தேன், இங்கேதான் கல்யாணம். பிள்ளைகளின் அப்பா குடியுரிமை வாங்கிவிட்டார். “எனக்கும் எழுதிப் போடுங்களேன்” என்று நான் கேட்கும்போதெல்லாம் “பார்க்கலாம்” என்பார். எனக்குச் சேலை வேண்டும் என்றால் மறுநாளே சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப் போகிறவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக் காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு யார் முன்னாலும் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். ஜொகூரில் வாழ்க்கைப்பட்டாள், அந்த நாட்டுப் பிரஜை ஆனாள். கல்யாணமான புதிதில் நானும் அவள் வீட்டுக்கு ரயிலில் போயிருக்கிறேன். அப்போது கேட்பார் இல்லை. பிறகு எல்லைக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்று ஆனது. அன்றிலிருந்து அவள்தான் வருவாள். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, என் பிள்ளைப்பேறு ஒவ்வொன்றுக்கும். பை நிறைய முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்குமாக வந்து இறங்கி, “மகாராணி எழுந்து வந்து பார்க்க மாட்டாங்க, நாமதான் வந்து பார்க்கணும்” என்று வாசலிலேயே ஆரம்பிப்பாள். 

போன வருடம் அவள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. இதயம் பலவீனம், அறுவை செய்ய முடியாது என்றுவிட்டார்கள். அவள் மகன் போன் செய்தான்.

“சின்னம்மா, அம்மா உங்களையேதான் கேக்குறாங்க. டாக்டர் நாள் கணக்கு எதுவும் சொல்லல. ஆனா சீக்கிரம் வந்து பாத்துட்டுப் போயிடுங்க.”

நான் ஜன்னலில் போய் நின்றேன். ஜொகூர் அங்கேயேதான் இருந்தது.

மகள் மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு விசாரிக்கப் போனாள். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கு ஒரு பயண ஆவணம் கொடுப்பார்களாம். ஆனால் நான் வேறு எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை என்று காட்ட வேண்டுமாம். இந்திய அலுவலகத்துக்குப் போனோம். எங்களிடம் இவரைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்க் குடிநுழைவு அலுவலகத்தில் கொடுத்தால், அப்படியானால் இவர் எப்படி, யாரோடு இந்த ஊருக்குள் வந்தார், அந்தப் பதிவு வேண்டும் என்றார்கள். அதற்கு விண்ணப்பித்தோம்.

கவுண்டரில் இருந்த சீனப் பெண் நல்ல பெண். என் அப்பா பெயரை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, மகளிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னாள்.

“அம்மா, தாத்தா பேர்ல நீங்க வந்ததா ஒண்ணுமே இல்லையாம்.”

“வராமலா உன்னைப் பெத்தேன்? நல்லாத் தேடச் சொல்லு.”

“கத்தாதீங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

பழைய காகிதங்களைப் பாதுகாக்கிற இன்னோர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டோம். அங்கே ஒருவர் படச் சுருளை ஓட விட்டுக் காட்டினார். கப்பல் கப்பலாகப் பெயர்கள், மை கலைந்த எழுத்து. அந்தக் காலத்தில் குடும்பமாக வந்தவர்களை ஆண் பெயரில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்றார். பெண்டாட்டியும் பிள்ளைகளும் அவன் பெயருக்குக் கீழே இருப்பார்களாம். எங்கள் அப்பா பெயர் எந்தக் கப்பலிலும் இல்லை. இருக்காது. அவர் எங்களுக்கு முன்பே வந்து துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது என் தாய்மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

இதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. அக்கா சோறு இறங்காமல் கஞ்சிக்கு வந்துவிட்டாள் என்று செய்தி. 

மகள்தான் சொன்னாள், பெரியம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம் என்று. கைப்பேசியில் படம் தெரிகிற மாதிரிப் பேசினோம். அக்கா மகன் அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்குத்தி மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“அக்கா, அப்பா பேர்ல தேடினாங்க. கிடைக்கலையாம்.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப் போனேன். சிரிக்கிறாள்!

“அப்பா பேர்ல எப்படிடி கிடைக்கும்? மாமா பேர்ல தேடச் சொல்லு.”

“மாமா பேர்ல எதுக்கு?”

“அம்மா என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தா. சாகப் போறேன், இனிமே என்ன சத்தியம். கேட்டுக்கோ. கப்பல் வந்து நின்னு, எல்லாரையும் கொட்டகையில உக்கார வெச்சு எழுதினாங்க. நீ மாமா இடுப்புல தூங்கிட்டே. நான் அம்மா சேலையைப் புடிச்சிட்டு நிக்கிறேன். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்தான் எழுதினாரு. ‘உன் புருஷன் பேர் என்ன?’ன்னு அம்மாவைக் கேட்டாரு. அம்மா சொல்லுவாளா?”

அம்மா சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று இருந்தவள். அப்பா பெயர்கொண்ட சாமியைக்கூட ‘அந்தச் சாமி’ என்றுதான் கும்பிடுவாள்.

“முக்காட்டை இழுத்துட்டு, மாமா பக்கம் மோவாயைக் காட்டினா. அவர்கிட்டக் கேட்டுக்கோங்கன்னு அர்த்தம். அந்த ஆளு, ‘ஓ, இவரா?’ன்னுட்டாரு. மாமாவைப் பாத்து, ‘உன் பேரு?’ன்னு கேட்டாரு. மாமா தன் பேரைச் சொன்னாரு. ‘புள்ளைங்க ரெண்டா?’ ‘ஆமாங்க, ரெண்டு.’ முடிஞ்சு போச்சு. சீட்டை வாங்கிட்டு வெளிய வந்தோம். கூட்டிட்டுப் போக வந்திருந்த அப்பா லாரியில ஏறி உக்காந்து படிச்சுப் பாத்தாரு. ‘அட பாவிங்களா, என் பொண்டாட்டி புள்ளைங்களை உன் பேர்ல எழுதிட்டு வந்திருக்கியேய்யா’ன்னு மாமாவை ஏசினாரு. திரும்பிப் போய் மாத்தலாம்னா, நோய் இருக்கான்னு பாக்க நம்மளை அடைச்சு வெச்சிருந்த தீவுல மறுபடியும் கொண்டுபோய் அடைச்சிடுவாங்கன்னு பயம். அப்படியே விட்டாச்சு.”

எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தன் தாத்தா யார், அப்பா யார் என்று. அப்புறம் மெதுவாக என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது.

நான் கட்டிக்கொண்டது அந்த மாமாவின் மகனைத்தான். முறை மாப்பிள்ளை. மாமா பெண்டாட்டியும் மகனும் அடுத்த வருடம் வேறொரு கப்பலில் வந்தார்கள்.

“அப்போ அந்தக் காகிதப்படி, அப்பா உங்களுக்கு...”

“வாயைக் கழுவு.”

“அண்ணன்லா அம்மா!”

அக்கா போனில் இருமி இருமிச் சிரித்தாள். அவள் மகன், “அம்மா, போதும், மூச்சு வாங்குது” என்று தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டுச் சொன்னாள்: “உனக்குப் பரிசம் போட்டதுமே அம்மா அந்தச் சீட்டை அடுப்புல வெச்சிட்டா. உன் வீட்டுக்காரருக்குத் தெரியும்டி. மாமா சொல்லியிருந்தாரு.”

பார்க்கலாம், பார்க்கலாம். ஏன் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்காக எழுதிப் போட்டால் அந்தப் பதிவைத் தோண்டுவார்கள். தோண்டினால் எங்கள் கல்யாணத்துக்கே கேள்வி வரும் என்று பயந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ, ஏசுவேன் என்று நினைத்தாரோ.

“வேண்டாம். அந்தக் காகிதம் எனக்கு வேண்டாம்” என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஐந்து பிள்ளை பெற்றவள். அரசாங்கக் கட்டடத்தில் போய், முன்பின் தெரியாதவர்கள் முன்னால், புருஷனை எனக்கு அண்ணன் ஆக்குகிற காகிதத்தை நானே கேட்டு வாங்கி நீட்டுவதா? ஏதாவது வில்லங்கமாகி என் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பேர் வந்தால்?

“அப்போ பெரியம்மாவைப் பாக்க வேணாமா?”

பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஜன்னல். மழை பெய்து அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் என்ன, அக்கா அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். என் ஐந்து பிரசவத்துக்கும் பாலம் தாண்டி வந்தவள். பத்தியச் சாப்பாடு அவள் கையால்தான். மழை விட்டதும் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “மாமா பேர்லயே தேடச் சொல்லு.”

மாமா எனக்கு மாமனாராகவும் ஆகிவிட்டதால் அவர் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் மகளே எழுதிக்கொண்டாள்.

கிடைத்துவிட்டது. நகல் கொடுத்தார்கள். மகள் விரல் வைத்துக் காட்டினாள்: மாமா பெயர், அதன் கீழே மனைவி என்று அம்மா, மகள்கள் என்று அக்காவும் நானும். என் வயது நான்கு. அம்மாவின் பெயரை அந்தக் காகிதத்தில் கண்டதும் கோபமெல்லாம் போய்விட்டது. அந்தக் கொட்டகையில், கசங்கின சேலையோடு, எத்தனை ஆம்பிளைகள் முன்னால் நின்றாளோ.

காகிதத்தை என் கல்யாணப் பத்திரத்தோடு கவுண்டரில் கொடுத்தோம். அந்தச் சீனப் பெண் ஒரு காகிதத்தைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே ஆண் பெயர். ஒன்றில் எனக்கு அப்பா, மற்றதில் என் புருஷனுக்கு அப்பா. எழுந்து உள்ளே போனாள். வருவதாகக் காணோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நடுவயதுத் தமிழ் அதிகாரி ஒருவர்.

“உக்காருங்கம்மா. இந்தப் பேர்ல இருக்கிறவர் உங்களுக்கு யாரு?”

“தாய்மாமா.”

“இதுல அப்பான்னு இருக்கே?”

“தப்பு.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவர் மகன். எனக்கு முறை மாப்பிள்ளை. எங்கள்ல மாமன் மகனைக் கட்டுறது வழக்கம், உங்களுக்குத் தெரியாததா.”

“தெரியும்மா. ஆனா இந்தத் தப்பு எப்படி வந்துச்சு?”

“எங்கம்மா எங்கப்பா பேரைச் சொல்லல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார், சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. “எங்க பாட்டியும் சொல்ல மாட்டாங்க” என்றார் கடைசியில். “ஆனா நீங்க வாயால சொன்னதை வெச்சு நான் எதுவும் பண்ண முடியாதும்மா. நடந்ததை நீங்க ஒரு பிரமாணமா எழுதிக் கொடுக்கணும். உங்க அக்காவும் அங்கேருந்து ஒண்ணு கொடுக்கணும். அதுக்கப்புறம் மேல பாத்து முடிவு பண்ணுவாங்க.”

“பண்ணுவாங்களா?”

“அனுப்புறது என் வேலை. முடிவு என் கையில இல்ல.”

அக்கா மகன் அன்றைக்கே ஒரு வக்கீலைக் கட்டிலண்டைக்குக் கூட்டி வந்துவிட்டான். அக்கா கைநாட்டு வைத்தாளாம். வைத்துவிட்டு, “தங்கச்சியைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கய்யா” என்று அந்த வக்கீலிடமே சொன்னாளாம்.

நான் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். நகைக்கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் சத்தியப் பிரமாணம் வாங்குகிற வக்கீல். வெள்ளிக்கிழமை, கீழே பூக்கட்டுகிறவர்கள் பேச்சும் கோயில் மணியும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. வக்கீல் வயதானவர், தடித்த கண்ணாடி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“உங்க கணவர் பேர் சொல்லுங்கம்மா.”

மகள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவங்க சொல்லணும்.”

“அம்மா சொல்ல மாட்டாங்க சார். பழக்கமில்ல.”

“தெரியுது. ஆனா அன்னைக்கு உங்க பாட்டிக்காக வேறொருத்தரைக் கேட்டதாலதானே இத்தனை வம்பு? இன்னைக்கும் நான் அதையே செய்யவா?”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. ‘ஏங்க’ என்பேன், ‘இந்தாங்க’ என்பேன், பெரியவன் பிறந்த பிறகு அவன் பேரைச் சொல்லி அவன் அப்பா என்பேன். ஆசுபத்திரியில் அவர் கண்ணை மூடிக் கிடந்தபோது, காதருகே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நர்சு சொன்னாள். அப்போதும் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குச் சொல்லாததை ஒரு காகிதத்துக்காகச் சொல்வதா?

எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. மகள் அசையவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள், எதிரே ஒருவர் பேனாவோடு காத்திருக்க. மோவாயைக் காட்டுவதற்கு அவளுக்குப் பக்கத்தில் அண்ணன் இருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தது நான் பெற்ற மகள். நான் இன்றைக்கு வாயை மூடினால் நாளைக்கு அவள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

சொன்னேன். ஒரே ஒரு தடவை. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது. மாமனார் பெயரையும் சொன்னேன், என்னைப் பெற்ற அப்பா பெயரையும் சொன்னேன். வக்கீல் எழுதினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய், தப்பிருந்தால் அவருக்கு வேண்டாம், எனக்கு வரட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். செத்தவருக்கு இனி என்ன ஆயுசு என்று மகள் கேட்டாள். அவளுக்குப் புரியாது.

அப்புறம் காத்திருந்ததுதான் கொடுமை. போன் அடித்தால் எடுக்கப் பயம். அந்தப் பக்கத்திலிருந்து என்றால் அக்கா. இந்தப் பக்கத்திலிருந்து என்றால் அலுவலகம். அக்கா கஞ்சியையும் பாதியில் தள்ளுகிறாள் என்ற வாரத்தில்தான் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஆவணம் கொடுத்தார்கள். அதற்குமேல் மலேசியா விசாவுக்கு ஓர் அலைச்சல்.

ஒரு காலையில் மகளோடு காஸ்வே சோதனைச் சாவடியில் நின்றேன். விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டியது. மறு விரல், மறுபடியும் சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. இதுவரைக்கும் வந்துவிட்டு விரலில் போய் நிற்கப் போகிறதா என்று பயந்தேன். வேறோர் அதிகாரி வந்து ஆவணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளை முன்னால் போகும்படி கைகாட்டினார். என்னைத் தனியாக உட்கார வைத்து, என் முகத்தையும் படத்தையும் பார்த்தார். “ரேகை தேஞ்சிடுச்சிங்க, ஏழு பேருக்குத் துணி தோச்ச கை” என்றேன். அவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. ஆனாலும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

பாலம் என் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. வெயில் இந்தப் பக்கம் அடிக்கிற அதே வெயில்தான்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “மகாராணி வந்துட்டாங்களா?” என்றாள். குரல் பாதிதான் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கொண்டுபோயிருந்த ரசஞ்சோற்றைக் குழைத்து ஊட்டினேன். நாலு வாய் வாங்கினாள். அவள் மகன், “எங்க கையால தொடவே மாட்டேன்னாங்க சின்னம்மா” என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பேரைச் சொன்னியாமே” என்றாள் அக்கா. “எங்க, எனக்கு ஒரு தடவை சொல்லு.”

“போக்கா.”

“அம்மா வீம்பு அப்படியே இருக்கு உனக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: “அந்தக் காகிதம் அங்கேயேதானேடி இருக்கப் போவுது? நம்ம புள்ளைங்களுக்குப் புள்ளைங்க அதை எடுத்துப் பாத்தா நம்மளை என்னன்னு நெனைக்கும்? நடந்ததை எழுதி வெக்கச் சொல்லு. நான் இருக்கும்போதே எனக்கும் படிச்சுக் காட்டச் சொல்லு.”

அதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாலம் தாண்டப் போகிறேன். இந்தத் தடவை பேத்தியும் வருகிறாள். இப்போது அவள் கேட்கிறாள், “பாட்டி, தாத்தா பேரை எங்க போடட்டும்?” என்று. அது வக்கீல் காகிதத்தில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

அதிருக்கட்டும், ஏற்றினதையெல்லாம் முதலிலிருந்து எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு. அன்றைக்கு எழுதினவர் எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தால் அவள் அங்கேயே தலையை ஆட்டியிருப்பாள். நிறுத்திப் படி, கண்ணு. தப்பிருந்தால் நான் சொல்கிறேன்.